நடக்கச் சொன்னால் போதுமா?

தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொல்லாத மருத்துவர் இல்லை. சீரான உடற்பயிற்சி ரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது; சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது; ரத்தக்குழாய்களின் நெகிழ்வைக் காக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

ஆனால், இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் 2022-இல் இந்த அளவை எட்டவில்லை என்கிறது 'லான்செட் குளோபல் ஹெல்த்' ஆய்வு. பெண்களில் இது 57 சதவீதம். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார் ஜெர்ரி மாரிஸ். உட்கார்ந்தே வேலை பார்த்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஓயாமல் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் படியேறியது உடற்பயிற்சிக்காக அல்ல, பயணச்சீட்டு கொடுப்பதற்காக. அன்றாட வாழ்க்கையே உடலுக்கு வேலை கொடுத்தால், இதயம் காக்கப்படும்.

நம் ஊர்களில் அன்றாடம் நடக்க வழி இருக்கிறதா? நடைபாதையில் கால் வைத்தால் மின்மாற்றி. அதைச் சுற்றிப் போனால் வரிசையாக இருசக்கர வாகனங்கள். அதையும் தாண்டினால் மூடி பெயர்ந்த மழைநீர் வடிகால். பேருந்து உரசிச் செல்லும் சாலையில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இருட்டிய பிறகு பெண்களுக்கு அதுவும் இல்லை.

மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதையை உருவாக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது. பாராட்டுக்குரியதுதான். ஆனால், விடியற்காலையில் அங்கே போய் நடக்க எல்லோருக்கும் நேரம் வாய்க்காது. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போக முடிந்தாலே பெரும்பாலானோருக்கு அந்த அரை மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும்.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்கின்றன இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டு நெறிகள். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. விதிக்குப் பஞ்சமில்லை, செயல்படுத்தும் உறுதிக்குத்தான் பஞ்சம்.

வார்டுதோறும் நடைபாதைகளைத் தணிக்கை செய்து, ஆக்கிரமிப்புகளை அகற்றி, விளக்கு போடுவதை உள்ளாட்சி அமைப்புகள் தம் கடமையாக ஏற்க வேண்டும். மாரடைப்புச் சிகிச்சைக்கு நிதி ஒதுக்கும் அரசு, அதைத் தடுக்கும் நடைபாதைக்கும் தாராளமாக ஒதுக்கட்டும்!