பழைய காரின் இழுதிறன் என்னும் மயக்கம்

அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் தயாரான பெரிய செடான், ஸ்டேஷன் வேகன் கார்களைப் பற்றி ஒரு நம்பிக்கை தலைமுறை கடந்தும் நீடித்து வருகிறது. தடித்த இரும்புச் சட்டமும் எட்டு சிலிண்டர் எஞ்சினும் கொண்ட அக்கார்கள் பாரம் இழுப்பதற்கென்றே பிறந்தவை என்றும், இன்றைய கார்களின் கையேடுகளில் காணும் இழுவை வரம்புகள் வழக்குகளுக்கு அஞ்சிய நிறுவனங்கள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டவை என்றும், ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் அதன் பின்னால் படகு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கவலையின்றிப் புறப்படலாம் என்றும் அது கூறுகிறது. பாதி உண்மை கலந்திருப்பதால் இந்நம்பிக்கையை மறுப்பது எளிதாக இல்லை. அக்கார்கள் படகுகளை இழுத்தன, இன்றும் இழுக்கின்றன. ஆனால் ஒரு வாகனம் பாரத்தை நகர்த்திவிட்டது என்பதைக் கொண்டே அது அப்பாரத்துக்குத் தகுதியானது என்று முடிவு கட்டுவதுதான் இங்கே நிகழும் பிழை.

1947 இல் ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் அலுமினிய வீட்டு டிரெய்லர் ஒன்றைத் தம் சைக்கிளில் பூட்டி இழுத்த படம் அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் வழியே பெரும்புகழ் பெற்றது. அதில் மாயம் எதுவும் இல்லை. காற்றடைத்த நல்ல டயர்கள் மீது சமதளத்தில் மெல்ல உருளும் டிரெய்லரின் எதிர்ப்பு, அதன் எடையில் நூற்றில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே ஆதலால், 1,500 கிலோ டிரெய்லரை நகர்த்த ஏறத்தாழ 15 முதல் 22 கிலோ விசை போதும். மனிதக் கால்களால் முடிந்ததை எட்டு சிலிண்டர்கள் செய்துகாட்டுவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. அந்த வீரர் அதே டிரெய்லருடன் ஒரு மலைச்சரிவில் இறங்கி நின்று காட்டுவாரா என்று அப்படத்தைப் பார்த்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சினைப் பற்றிய பெருமிதமும் ஓரளவு அளவீட்டு முறையின் விளைவே. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட குதிரைத்திறன் எண்கள், காற்று வடிகட்டி, புகைக்குழாய், மின்னாக்கி முதலிய துணைக்கருவிகளின் சுமை இல்லாமல் சோதனை மேடையில் எஞ்சினைத் தனியே ஓட்டி எடுத்த மொத்தத் திறன் ஆகும். 1972 முதல் அவையெல்லாம் பொருத்தப்பட்ட நிலையில் கிடைக்கும் நிகரத் திறனை வெளியிடும் வழக்கம் வந்தது. காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 1971 இல் 365 என்று விளம்பரப்படுத்தப்பட்ட எண் 1972 இல் 235 ஆகச் சுருங்கியது. எஞ்சின் ஏறக்குறைய அதுவேதான், அளந்த விதம்தான் வேறு. இன்றும் பழைய விளம்பர எண்ணை இன்றைய காரின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடுபவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

எஞ்சினை விட்டு நெம்புகோலின் பக்கம் திரும்பினால் நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கிப் பந்தின் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடையைக் கொக்கிச் சுமை என்பர். வட அமெரிக்காவில் அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பொது விதி. அக்காலப் பெரிய கார்களின் அழகு என்று கொண்டாடப்படும் நீண்ட பின்பகுதி இங்கே பாதகமாகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு காரில் கொக்கி பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் அமைந்தால், கொக்கியில் வைக்கும் ஒவ்வொரு 100 கிலோவும் பின் அச்சில் 150 கிலோவாக இறங்கி, முன் சக்கரங்களிலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடுகிறது. திசை திருப்பவும் பெரும்பகுதி பிரேக் பிடிக்கவும் வேண்டிய முன் சக்கரங்கள் அதனால் தரைப்பிடிப்பை இழக்கின்றன. அதே நீண்ட பின்பகுதி, டிரெய்லர் பக்கவாட்டில் அசையும்போது காரின் வாலைப் பிடித்து அசைக்க அதற்கு வாய்ப்பான கைப்பிடியும் ஆகிறது.

இந்தப் பக்கவாட்டு ஆட்டம் குறைந்த வேகத்தில் தானாகவே அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்கும் தன்மை குறைந்து, ஒவ்வொரு டிரெய்லருக்கும் காருக்கும் உரிய ஒரு வரம்பைத் தாண்டியதும் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. கொக்கிச் சுமை குறைவாகவும் படகின் எஞ்சின் எடை பின்முனையிலும் இருந்தால் அவ்வரம்பு இன்னும் தாழ்கிறது. இந்நிலையில் காரின் பிரேக்கை மிதிப்பது ஆட்டத்தை மேலும் தீவிரமாக்கக்கூடும். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கி அதைப் பின்னோக்கி இழுத்து நேராக்குவதே வழி. ஆனால் தண்ணீரில் இறங்க வேண்டிய படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார பிரேக் இருப்பதில்லை. கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்கும் தள்ளு பிரேக்தான் இருக்கும். அதை ஓட்டுநர் தனியே இயக்க முடியாது. அமெரிக்காவில் 2012 மாதிரிகள் முதல் கட்டாயமான மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும், அதன் மேல் எழுப்பப்பட்ட டிரெய்லர் ஆட்டத் தடுப்பும் பழைய காரில் கிடையா.

முந்தைய தலைமுறை இவையின்றியே ஆயிரக்கணக்கான மைல் இழுத்ததே என்பார்கள். இழுத்தது உண்மைதான். ஆனால் கனமான டிரெய்லர் இழுத்தவர்களில் பலர், கொக்கிச் சுமையின் ஒரு பங்கை வில்தண்டுகள் வழியே முன் அச்சுக்குத் திருப்பும் சுமைப்பகிர்வுக் கொக்கியைப் பொருத்தியிருந்தனர். பழைய படங்களில் கார் மட்டும் கண்ணில் படுகிறது, இந்தத் தண்டுகள் படுவதில்லை. மேலும் 1974 தொடக்கத்தில் வந்த கூட்டரசுச் சட்டத்தால் 1987 வரை நாடெங்கும் வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர். இன்று 70 மைலில் ஓடும் போக்குவரத்தோடு சேர்ந்து ஓடுபவர், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால், அன்றைய ஓட்டுநரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான ஆற்றலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. 6 விழுக்காட்டுச் சரிவில் 10 கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் குறைகிறது. 1,500 கிலோ டிரெய்லர் மட்டும் அவ்வளவு இறங்குகையில் விடுவிக்கும் ஆற்றல், 28 லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டாலும், எஞ்சியது பிரேக்குகளுக்கே போகிறது. 1960களின் பல கார்களில் நான்கு சக்கரங்களிலும் மூடிய டிரம் பிரேக்தான். அதற்குள் சிக்கிய வெப்பம் எளிதில் வெளியேறாமல் பிடிப்பு தேய்ந்துகொண்டே போவதைப் பிரேக் சோர்வு என்பர். பிரேக் எண்ணெய் வேறு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பின் 140 வரை தாழலாம் என்று தர விதியே ஒப்புக்கொள்கிறது. எண்ணெய் கொதித்தால் மிதிகட்டை தரை வரை இறங்கும். 1968க்கு முந்தைய கார்களில் பலவற்றில் முன் பிரேக்குகளும் பின் பிரேக்குகளும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்கின. அங்கே இரண்டாவது வாய்ப்பு என்பதே இல்லை.

வழக்குக்கு அஞ்சிக் குறைத்தார்கள் என்னும் வாதம் வரலாற்றோடு ஒத்துவரவில்லை. 2008 இல் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்னும் பொதுத் தரம் வெளியாகும் வரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இழுவை எண்ணைக் கணித்தது. போட்டியில் அது உயர்ந்தே வந்தது. புதிய தரமோ அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தை, கடும் வெயிலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டபடி, முழுப் பாரத்துடன் குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏறச் சொல்கிறது. அதோடு நிற்காமல் நிலைப்பையும் பிரேக்கையும் சோதிக்கிறது. ஐரோப்பாவில் அதே கார்களுக்குக் கூடுதல் எண் தரப்படுகிறதே என்பது இன்னொரு வாதம். அங்கே கொக்கிச் சுமை குறைவு, ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இவை அனைத்தும் கார் புதிதாக இருந்த நாளுக்கான கணக்கு. 1990களின் நடுவில் பியூக் ரோட்மாஸ்டர் வேகனுக்குத் தரப்பட்ட 5,000 பவுண்டு வரம்பு, ஏறத்தாழ 2,270 கிலோ, இழுவைக்கான தனித் தொகுப்புடன் வாங்கிய வண்டிக்கே உரியது. முப்பது ஆண்டுக்குப் பின் தளர்ந்த ஸ்பிரிங், உள்ளே அடைத்த ரேடியேட்டர், வெடிப்பு விழுந்த ரப்பர்க் குழாய், கொக்கி பூட்டிய இடத்தில் துருவேறிய சட்டம் ஆகியவற்றோடு நிற்கும் வண்டிக்கும் அதே எண்ணைச் சொல்வது நகைப்புக்குரியது.

படகு இறங்குதுறையில்தான் இந்த நம்பிக்கைக்குப் புதிய சாட்சிகள் கிடைக்கிறார்கள். பாசி படிந்த சரிவில் முன்சக்கர இயக்கக் கார் வழுக்கித் தவிக்கையில், கொக்கிச் சுமை நேரே பின் சக்கரங்களை அழுத்துவதால் பின்சக்கர இயக்கப் பழைய கார் படகை அலுங்காமல் மேலே கொண்டுவந்துவிடும். கரையில் நிற்பவர்கள் வியக்கிறார்கள்; அந்த வியப்பு நியாயமானதே, ஆனால் அவர்கள் கண்டது நடைவேகத்தில் முப்பது மீட்டர் தூரம். அந்தக் காரின் ஸ்பிரிங், பிரேக், கொக்கி ஆகியவற்றைப் புதுப்பித்து, எஞ்சினோடு சேர்த்து 500 கிலோவைத் தாண்டாத அலுமினிய மீன்பிடிப் படகை அருகிலுள்ள ஏரிக்கு நிதான வேகத்தில் கொண்டுபோவதில் குற்றம் எதுவும் இல்லை. கண்ணாடியிழைப் படகை விரும்புபவர், எரிபொருளும் பேட்டரியும் நங்கூரமும் சேராத விற்பனைக் கையேட்டின் எடையை நம்பாமல், ஏற்றிய நிலையில் டிரெய்லரை எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தெரியும் எண்ணைப் பார்த்தபின் அவர்களில் பலருக்கு வேறொரு வண்டி தேவைப்படும்.