இயற்கை கொடுத்த வரமா? யாருக்கு?

"ஸ்விட்சர்லாந்துக்கென்னப்பா, இயற்கை வாரிக் கொடுத்திருக்கு!" போய்வந்தவரும் சொல்கிறார், சினிமாப் பாட்டில் பார்த்தவரும் சொல்கிறார். ரொம்ப வசதியான பேச்சு. எல்லாம் இயற்கையின் வேலை என்றால் மனுஷன் ஒன்றும் செய்ய வேண்டாமே!

ஆல்ப்ஸை விடுங்கள், ஒரு சின்னக் குன்றைப் பார்ப்போம். சூரிச் ஏரிக்கரையில் மைலன் என்ற ஊர். அங்கே ரயிலை விட்டு இறங்கி, ஓடையோரக் காட்டு வழியாக ஏறினால் 853 மீட்டர் உயர ஃபானென்ஸ்டீல் குன்று. மேலே ஒரு இரும்புக் கோபுரம். அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் சூரிச் ஏரி, மறுபக்கம் கிரைஃபென்ஸே ஏரி, தூரத்தில் பனிமலைகள்.

இதில் இயற்கை செய்தது எவ்வளவு?

கோபுரம் 1893ல் பாக்டெல் என்ற வேறொரு மலையில் கட்டப்பட்டது. அங்கே தொலைத்தொடர்புக் கோபுரம் வருகிறது என்று 1985ல் கழற்றினார்கள். பழைய இரும்பு விலைக்குப் போட்டிருக்கலாம். போடாமல் 1992ல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வழிகாட்டும் மஞ்சள் பலகை? கார்கள் பெருகி, நடப்பவர்களைச் சாலையிலிருந்து விரட்டிய 1930களில் அதற்காக அலைந்தவர் யோஹான் யாகோப் எஸ். இதே மைலனில் பள்ளி ஆசிரியர்! இன்று நாடு முழுக்க 65,000 கிலோமீட்டர் நடைபாதை. அதைக் காக்கும் பொறுப்பை 1979ல் மக்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

காடு? 19ஆம் நூற்றாண்டில் கண்டபடி வெட்டி, வெள்ளத்தில் அடிபட்ட பிறகுதான் 1876ல் வனச்சட்டம் வந்தது. 1907ல் இயற்றிய சிவில் சட்டத்தின் 699ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேல். தனியார் காடாகவே இருந்தாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஊர் வழக்கப்படி பழமும் காளானும் பறிக்கலாம்.

"பணக்கார நாடு, செய்வான்" என்பார்கள். வனச்சட்டம் போட்ட காலத்தில் பிழைப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அய்யா அவர்கள்!

இன்னும் சந்தேகமா? கோபுரத்திலிருந்து கீழே அந்த ஏரிக்கரையைப் பாருங்கள். அதே இயற்கைதான். ஆனால் கரையில் பல பகுதிகள் பங்களாக்களின் வேலிக்குள் இருக்கின்றன. கரை நெடுக எல்லோரும் நடக்கப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை 2024 மார்ச்சில் சூரிச் மாநில வாக்கெடுப்பில் தோற்றது. காட்டில் யாரும் நடக்கலாம், கரையில் முடியாது. வித்தியாசம் இயற்கையிலா இருக்கிறது? சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே "இயற்கை கொடுத்தது" என்று அடுத்த முறை யாராவது பெருமூச்சு விட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மலையில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது எந்த இயற்கை?