பயிர் காக்க விலை உயர்ந்த துப்பாக்கி வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு களக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றிப் பேசி முடித்ததும், மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் எழுந்தார். "புழுவை மருந்தடித்துப் பார்த்துக்கொள்கிறோம் ஐயா. காட்டுப்பன்றிக்கு என்ன வழி? துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போடப் போகிறேன். மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் போதுமா, கடனை உடனை வாங்கியாவது நல்ல இரட்டைக்குழல் வாங்கிவிடட்டுமா?" என்றார்.

பயிரைப் பற்றிப் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால், தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதே அதிகம். மூன்று மாதப் பாடு ஒரே இரவில் போய்விடும்.

முதலில் விலையைப் பார்ப்போம். நம் ஊரில் கிடைக்கும் தோட்டாத் துப்பாக்கி பெரும்பாலும் 12 போர் வகை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் அளவு என்பதுதான் இதன் கணக்கு. சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். குழலின் உள்ளே மரை இல்லை, வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ரவைகள் போகப் போக விரிந்து சிதறும். நாற்பது மீட்டருக்கு அப்பால் அவற்றை நம்ப முடியாது. விலை குறைந்ததானாலும் கூடியதானாலும் இது ஒன்றுதான். கூடுதல் பணம் எங்கே போகிறது என்றால், இரண்டாவது குழலுக்கும், பூட்டுப் பகுதியின் நுட்பமான பொருத்தத்துக்கும், சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் அமைப்புக்கும், வால்நட் மரக் கட்டைக்கும், உலோகத்தில் செதுக்கிய பூவேலைக்கும் போகிறது. பந்தயத்தில் தட்டுகளைச் சுடுகிறவருக்கு இவை தேவைப்படலாம். வரப்பில் நின்று சத்தம் எழுப்ப நினைப்பவருக்குப் பூவேலை எதற்கு?

சத்தம் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் லைசென்சு துப்பாக்கி வைத்திருக்கத்தானே தவிர, பன்றியைச் சுட அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மயிலோ 1963 முதல் தேசியப் பறவை. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. 2025 ஜனவரியில் தமிழக அரசு பிறப்பித்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல் புதர்களில் குடியேறிவிட்ட பன்றிகளுக்கு இந்த ஆணை பயன்படலாம். மலையடிவாரத்துக்காரருக்கு அதனால் பயன் இல்லை. ஆக, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். பன்றியும் லேசுப்பட்டதல்ல. சில நாள் ஓடும். சத்தத்தால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் வெடித்துக்கொண்டிருக்கும்போதே மேயும்.

சத்தத்துக்குச் சிவகாசிச் சீமையில் பஞ்சமா என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி எழுப்பும் பட்டாசு வெடிக்கத் தடை. பன்றி வருவதோ அந்த நேரத்தில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரிமருந்துத் துப்பாக்கியில் அடைக்கும் துணியும் நாரும் நெருப்போடு வெளியே விழும். காய்ந்த தட்டை கிடக்கும் நிலத்தில், அதிலும் பட்டாசு ஆலைக்கு அடுத்த மானாவாரிப் புஞ்சையில், அந்த ஒரு பொறி என்ன செய்யும் என்று இப்பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக மிக மலிவானதைத் தேடுவதும் தவறு. திருட்டுத்தனமாக அடித்துத் தரும் குழல், மருந்து சற்றுக் கூடினால் வெடித்து, சுடுகிறவரின் கையையே கொண்டுபோகும், வழக்கும் வரும். அழுத்தச் சோதனை முத்திரை பெற்ற குழலுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. துப்பாக்கிக்காகக் கூடுதல் செலவு செய்யலாம் என்று நான் ஒப்புக்கொள்வது அந்த ஒன்றுக்குத்தான். லைசென்சைப் புதுப்பிப்பது, தேர்தல் காலத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, கரிமருந்து சுட்ட பின் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவித் துடைப்பது ஆகிய தொல்லைகளும் கூடவே வரும்.

அந்த விவசாயியிடம் இரட்டைக்குழலுக்கு வாங்க இருந்த கடனைச் சூரிய மின்வேலிக்கு வாங்கச் சொன்னேன். அது விட்டுவிட்டு அதிர்ச்சி தருமே தவிர உயிரைக் குடிக்காது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. முதல் கம்பி தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் கீழே இருக்கட்டும்; பன்றி தாண்டுவதைவிட முட்டி நுழையவே பார்க்கும். கம்பியில் புல் தொட்டால் அதிர்ச்சி குறையும் என்பதால் வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மக்காச்சோளத்தைச் சுற்றிச் சில வரிசை ஆமணக்கு நெருக்கி விதைத்தால் அதன் வாடை பயிரின் வாடையை மறைக்கும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் வழிகாட்டி.

நாலு ஏக்கருக்குத் தனியாக வேலி போடுவது பாரம்தான் என்று அவர் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து சுற்றளவை அளந்துவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். லைசென்சு மனுவை அவர் இன்னும் கிழிக்கவில்லை; மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.