கண்டல் நடும் கல்வி

காடு என்றதும் மலையும் யானையும் நம் நினைவில் எழுகின்றன. மட்டக்களப்பு வாவியின் கரையில் கண்டலும் கண்ணாவும் தில்லையும் செறிந்து நிற்பதை நம்மிற் பலர் காடென்று எண்ணுவதேயில்லை. ஆயினும், இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்வது அவற்றின் வேர்களிடையேதான். கரைமண்ணை இறுகப் பற்றியிருப்பதும் அவ்வேர்களே.

2004 டிசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடு இதனை உணர்ந்தது. இலங்கைக் கரையோரங்களிற் கண்டற் கன்றுகள் பெருந்தொகையாக நடப்பட்டன. விளைவு யாது? ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெல்ஜிய அறிஞர்களுடன் கூடி, நாட்டில் இத்தகைய நடுகை நிகழ்ந்த 23 இடங்களை ஆராய்ந்து, 2017 இல் முடிவை வெளியிட்டனர். நடப்பட்ட நிலம் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர்; கன்றுகள் பிழைத்ததோ 200 முதல் 220 ஹெக்டேயரிலேயே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை.

நட்டவர்களிடம் ஆர்வம் குறைந்திருந்ததென்று சொல்லவியலாது. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும். எடுத்து ஊன்றுதல் எளிது. எளிதென்றே பொருந்தாத இடங்களிலும் அதனை ஊன்றினர்; ஊன்றியபின் பேணாது விட்டனர்.

நமது வாவியின் இயல்போ மேலும் நுட்பமானது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மாரியில் வெள்ளம் பெருகி, முகம் திறந்தபின் வடியும். நீரின் உயரமும் உவர்ப்பும் இங்ஙனம் மாறுமிடத்தில், எம்மரம் எம்மட்டத்தில் வாழும் என்பதை ஒரு நாளிற் கண்டுவிட முடியுமா? பல மாரியும் பல கோடையும் காத்திருந்து அளந்து பார்த்தல் வேண்டும். வனத்துறையில் கலாநிதிப் பட்டத்துக்குரிய பயிற்சி இதுவேயாகும்.

வளர்வதற்கு மிஞ்சி மரத்தை வெட்டலாகாது என்னும் பேண்தகு கொள்கையை ஜெர்மனியின் கார்லோவிட்ஸ் 1713 இல் நூலாக எழுதினார். அயலே இந்தியாவில் 1878 இல் டேராடூன் வனப்பள்ளி தோன்றியது. அவை மரம் தரும் பெருங்காடுகளுக்கு வழிகாட்டின. வாவிக்கரைக் காட்டின் கணக்கை இக்கரையிலேயே கற்றாக வேண்டும். 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. வாவியின் போக்கைத் தலைமுறையாக அறிந்த மீனவரும் அருகே உள்ளனர்.

வைத்தியமும் பொறியியலும் மட்டுமே படிப்பென்று கருதும் பெற்றோர் சற்றுச் சிந்திக்கட்டும். சேற்றில் இறங்கி வேரை அளக்க விரும்பும் பிள்ளையை மறியாதீர்கள். அடுத்த முறை கன்று நடும்போது, அவை எங்கே பிழைக்கும் என்று சொல்ல நம்மூரில் ஒருவர் இருத்தல் வேண்டும்.