ஆட்டத்திற்கு எஜமானர் யார்?

கம்ப்யூட்டர் விளையாட்டை வாலிபர்களின் வீண் பொழுதுபோக்கென்று இகழ்வோர் தென் கொரியாவின் அனுபவத்தைச் சற்றே நோக்குவாராக. 1997-ஆம் வருஷத்துப் பண நெருக்கடிக்குப் பின் அத்தேசத்துச் சர்க்கார் அதிவேக இன்டர்நெட்டைப் பரப்புவதில் ஊக்கங் காட்டியது. 'பி.ஸி. பாங்' என்னும் விளையாட்டு நிலையங்கள் நகரங்களிற் பெருகின. 1998-இல் அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் கம்பெனி வெளியிட்ட 'ஸ்டார்கிராப்ட்' ஆட்டத்தில் கொரிய வாலிபர்கள் நிகரற்றவராயினர். டெலிவிஷன் நிலையங்கள் போட்டிகளை ஒளிபரப்பின. 2000-இல் அதற்கெனத் தேசியக் கழகமும் தோன்றிற்று.

இவ்வளவும் கொரியர்களின் உழைப்பேயாம். ஆயினும், ஒளிபரப்பும் உரிமை எவருடையது என்ற தகராறு எழுந்தபோது, ஆட்டம் தன் சொத்தென்று கம்பெனி வாதித்தது. நியாயஸ்தலம் வரை சென்ற அவ்விவகாரம் 2011-இல் சமரசமாயிற்று. கம்பெனியிடம் அனுமதி பெற்றே போட்டி நடத்துவதென்று கழகம் இசைந்தது.

கால்பந்தாட்டம் எவருடைய சொத்துமன்று. பந்து விற்பவன் ஆட்டத்தைத் தடுக்க இயலாது. கம்ப்யூட்டர் ஆட்டத்திலோ, விதிகளை மாற்றவும் ஆட்டத்தையே நிறுத்திவிடவும் கம்பெனிக்கு அதிகாரமுண்டு.

2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் இவ்வாட்டங்களுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. நம் தேசத்து வாலிபரும் அங்கே ஆடினர். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் தேசங்களின் கொடி ஏறும் களத்தை ஒரு வியாபாரியின் தயவில் விடலாகாது. போட்டி நடத்தும் உரிமையையும் அதைக் காட்டும் உரிமையையும் பறிக்க முடியாதவாறு கம்பெனிகளிடம் முன்னரே எழுதி வாங்குக. பின்னரே பதக்கம் அளித்திடுக. இதுவே நம் அபிப்பிராயம்.