கைபேசிக்குக் 'கொலை நோய்' புரியுமா?

பி.எம். கிசான் தவணை வரவில்லை என்றால் இப்போது கைபேசியிடம் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய கிசான் இ-மித்ரா, பாஷினி மொழித் தொழில்நுட்பத்தின் துணையோடு இயங்குகிறது. நீங்கள் பேசுவதை எழுத்தாக்கி, அதற்குப் பதில் தேடித் தருகிறது.

சிக்கல் அந்த முதல் படியில்தான். நெல் குலைநோயை நாம் 'கொலை நோய்' என்றுதான் சொல்கிறோம். இலை 'எலை' ஆகிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கும் கலக்கும். அருகில் மோட்டார் ஓடினால் சொல்லவே வேண்டாம். எதிரே நிற்கும் வேளாண் அலுவலர் "நட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்று திருப்பிக் கேட்பார், இலையைப் புரட்டிப் பார்ப்பார். இயந்திரமோ தவறாகக் கேட்டுக்கொண்டும் தயங்காமல் பதில் சொல்லிவிடக்கூடும். குலைநோய் பூஞ்சணத்தால் வருவது. அதற்குப் பூச்சிமருந்து அடித்தால் காசுதான் கரையும்.

தவணை, பதிவு விவரங்களுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மோட்டாரை விட்டுத் தள்ளி நின்று, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். திரையில் விழுந்த எழுத்தையும் படித்துப் பாருங்கள். ஆனால் எந்தச் செயலி சொன்னாலும், அதை மட்டும் நம்பி மருந்து தெளிக்காதீர்கள். பாதித்த இலையோடு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில், காலை 6 முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிப் பேசலாம்.