கித்துள் பாணியில் கொஞ்சம் மிளகு

தலவாக்கலையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுப் பூண்டுலோயாவில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தந்தது கடைவீதியில் இருந்த ஒரு பேக்கரி. 'வெதுப்பகம்' என்று பத்திரிகையில் எழுதிப் பழகிய கை இது. ஆனால் பெயர்ப்பலகையில் பேக்கரி என்றே இருந்தது. நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வழக்கமான மாலுபாண், கிம்புலா பணிஸ், சீனிச்சம்பல் பணிஸ். ஓரத்தில் ஒரு தட்டில் மட்டும் புதிய பண்டங்கள். கித்துள் பாணியும் மிளகும் சேர்த்த கேக், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசிப் பணிஸ், பாணி ஊற்றிய சீஸ் கேக். செய்தவர் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தோட்டத்து இளைஞர்.

மூன்றையும் வாங்கிச் சாப்பிட்டேன். சீஸின் வாடை பாணியை விழுங்கிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அன்னாசிப் பணிஸ், தெருவோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்களே அன்னாசித் துண்டு, அதன் உறவுக்காரன். மிளகுக் கேக்தான் வெற்றி. முதலில் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய சூடு. அந்தக் குளிருக்கு வேறென்ன வேண்டும்?

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தோட்டத்துச் சனத்துக்கு வயிறு நிறைஞ்சாப் போதும் சார். இந்த விளையாட்டெல்லாம் எதுக்கு?" என்றார்.

உண்மையைச் சொல்வதானால், என் மனமும் அப்போது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சில் ஒரு வரலாறு இருக்கிறது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அரிசியும் மாவும் கிடைக்காத அந்நாட்களைக் கண்டவர்களுக்கு உணவு என்றால் முதலில் அளவு, சுவை பிறகுதான். 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியது; எரிவாயு இல்லாமல் நாடெங்கும் பல பேக்கரிகள் அடுப்பை அணைத்தன. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை வருடப் போராட்டம்! அந்தச் சம்பளத்தில் மிளகுக் கேக்குக்கு இடம் ஏது என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் இனிப்பும் காரமும் கலப்பது பணக்காரர் கண்டுபிடிப்பு என்று யார் சொன்னது? வெங்காயம், மிளகாய், புளி, மாசி, கறுவா, சீனி எல்லாம் ஒன்றாக வதங்கியதுதான் சீனிச்சம்பல். அதைப் பணிஸுக்குள் வைத்து இந்நாட்டுப் பேக்கரிகள் எத்தனையோ காலமாக விற்கின்றன. வெல்லத்தோடு சுக்கும் மிளகும் கலந்தால் பானகம். இன்று உலகெங்கும் நாகரிகமாகிவிட்ட உப்புக் கரமலை 1977 இல் உருவாக்கியவர் பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த மிட்டாய்க்காரர் ஹென்றி லு ரூ. அவர் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை. தம் மண்ணின் உப்பு வெண்ணெயைத்தான் சீனிப்பாகில் சேர்த்தார். நாமோ நம் வீட்டுக் கலவையை மறந்துவிட்டு, அது வெளிநாட்டிலிருந்து வந்தால் வியக்கிறோம்.

மழை விடும் நேரத்தில், கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா தேநீருக்காக உள்ளே நுழைந்தார். தட்டைப் பார்த்து விலை கேட்டார். சற்று யோசித்துவிட்டு மிளகுக் கேக்கில் ஒன்றை வாங்கி, நான்காக வெட்டித் தரச் சொன்னார். ஒரு துண்டை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"கொத்தமல்லித் தண்ணிக்குக் கருப்பட்டி கடிச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். மற்ற மூன்று துண்டுகளையும் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

நான் மூன்று சுவைகளைப் பற்றி மனதுக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் அனைத்தையும் அந்த ஒரு வரி தோற்கடித்தது. பெரியவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பல வருடங்களாக மலையக மக்களின் அரிசி, மா, சம்பளம் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்களுடைய நாக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. உலகம் ருசித்துக் குடிக்கும் தேயிலையைக் கிள்ளித் தருகிறவர்களுக்கு ருசி தெரியாது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். சம்பளம் கேட்பது உரிமை என்றால், புதிதாக ஒன்றைச் சுவைத்துப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" அல்லது "வேண்டாம்" என்று சொல்வதும் அதே உரிமையின் பகுதிதான்.

அந்த இளைஞரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "தம்பி, கேக்கைச் சின்னத் துண்டாகவே வெட்டி, அதற்கேற்ற விலையில் வையுங்கள். நான்கு பேருக்கு ஒன்று வாங்குகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கட்டும்."

சீஸ் கேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கான தீர்ப்பையும் அந்த அம்மாவே வழங்கட்டும்.